சுற்றுச்சுவருக்குள் வீடு: தாம்பரம் வட்டாரத்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரையிலான தென்சென்னைப் புறநகரில், எல்லை வகுத்து, வெளியார் வரவைக் கட்டுப்படுத்தி, உள்ளே குடியிருப்புகளை அமைக்கும் வழக்கத்தை இராணுவம், ரயில்வே, மருத்துவமனை, கல்லூரி ஆகிய நான்கும் தொடங்கிவைத்தன. வீட்டு வியாபாரம் அந்த வழிக்கு வந்தது மிகப் பிந்தி.

முதலில் வந்தது இராணுவம். ஆங்கிலேயக் கம்பெனிக் காலத்தில் பரங்கிமலையும் பல்லாவரமும் படைமுகாம்களாயின. பரங்கிமலை – பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டு என்ற பெயரில் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி இன்றும் உண்டு. பெரிய தோட்டங்களுக்கு நடுவே பங்களாக்கள், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் ஓட்டு வீடுகள், இவற்றுக்குப் பக்கத்திலேயே கடைத்தெரு என்ற அமைப்பு அங்கே உருவானது. கன்டோன்மென்ட் நிலத்தில் பல இடங்களில் வீடு குடியிருப்பவருடையது, மண் சர்க்காருடையது. விற்கவும் இடித்துக் கட்டவும் அனுமதி வேண்டும்.

அடுத்தது மருத்துவம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்துக்கு அருகே காசநோய்க்கான சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஊரை விட்டு விலகி இருப்பதும் காடும் குன்றும் சூழ்ந்த இடத்துக் காற்றும்தான் சிகிச்சையின் பெரும்பகுதி. அந்த இடம் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டது. ஒதுக்குப்புறத்தில் இருப்பதற்கு இந்த வட்டாரத்தில் மதிப்புக் கிடைத்தது நோயாளிகளால் என்பதை இன்றைய வீட்டு விளம்பரங்கள் சொல்வதில்லை.

அதே 1937-இல், ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர்ப் பக்கம் 350 ஏக்கருக்கும் மேற்பட்ட புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. கல்லூரிக் கட்டடங்களோடு மாணவர் விடுதிகளும் ஆசிரியர் வீடுகளும் ஒரே வளாகத்தில் எழுந்தன. பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் அங்கே மரங்களை வளர்ப்பதில் பெரும் ஈடுபாடு காட்டினர். இவற்றோடு விமானப்படைத் தளமும் ரயில்வே குவார்ட்டர்ஸும் சேர்ந்து, தாம்பரம் வளாகங்களால் ஆன ஊராயிற்று. கன்டோன்மென்ட்டைப் போலன்றி, இவற்றில் எந்த வீட்டையும் குடியிருந்தவர் விலைக்கு வாங்கவில்லை. வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். கிணறு வற்றினாலும் சாக்கடை அடைத்தாலும் சாலை குழிவிழுந்தாலும் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் பின்னால் இருந்தது. பிற்கால வளாகங்களில் இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான்.

வளாகங்களுக்கு வெளியே குடியேற்றத்தைத் தொடங்கிவைத்தது ரயில். 1931-இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 30 கி.மீ. தூரத்துக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயிலை ஓடவிட்டது. கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்த குமாஸ்தா தாம்பரத்தில் குடியிருந்து சீசன் டிக்கெட்டில் போய்வர முடியும் என்றாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் கிண்டி தொழிற்பேட்டையும் ஜி.எஸ்.டி. சாலைத் தொழிற்சாலைகளும் வந்தபோது, நங்கநல்லூர் முதல் தாம்பரம் வரை வயல்கள் மனைகளாயின. அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் கூட்டுறவு வீடு கட்டும் சங்கங்கள் வழியாக மனை வாங்கினர். நங்கநல்லூரிலும் வேளச்சேரியிலும் உள்ள ஏ.ஜி.எஸ். (மாநிலக் கணக்காயர் அலுவலக ஊழியர்) காலனி போன்ற பெயர்களில் அந்த அலுவலகங்களின் அடையாளம் தங்கிவிட்டது.

இந்த நகர்களுக்குக் கேட் கிடையாது. பால்காரர், கீரைக்காரி, பழைய பேப்பர்காரர் என்று யாரும் எந்தத் தெருவிலும் நுழையலாம். மனை பார்க்க வந்தவர் முதலில் ஸ்டேஷனுக்கு நடை தூரத்தைக் கணக்கிட்டார். பிறகு பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் ஊற்றிப் பார்த்தார். இரண்டாவது சோதனைக்குத் தகுந்த காரணம் இருந்தது. குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும் அதை ஒட்டிய நாகல்கேணி, பல்லாவரம் பகுதிகளிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நெருங்க நெருங்கத் தண்ணீர் உவர்த்தது. தெருவிளக்கு, பஸ், பாலாற்றுக் குடிநீர் ஆகியவற்றுக்குக் குடியிருப்போர் நலச் சங்கம் மனுக்களோடு நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் நடந்தது. கேட்டவை பெரும்பாலும் தாமதமாகவே வந்தன. ஆனாலும் கேட்பதற்கு ஒரு பொது அலுவலகம் இருந்தது.

மனைகள் எந்த நிலத்தில் விழுந்தன என்பதுதான் இந்த வரலாற்றின் கனமான பகுதி. தாம்பரத்தைச் சுற்றி ஏரிகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், நன்மங்கலம் என்று கிழக்கே உள்ளவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணையை நோக்கிப் போகும். மேற்கே பீர்க்கன்கரணை, இரும்புலியூர், முடிச்சூர், ஆதனூர், மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேரும். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்கு வழியும். மதகு வழியாக ஆயக்கட்டு நஞ்சைக்குப் பாயும். பயிர்த்தொழில் நின்றபோது லேஅவுட் போடுவதற்கு வசதியாகக் கிடைத்தது இந்த நஞ்சைதான்: சமமானது, வரப்பால் ஏற்கெனவே பிரிக்கப்பட்டது, ஒருசில குடும்பங்களிடம் பேசி மொத்தமாக வாங்கக்கூடியது. பாசன வாய்க்கால் தெருவோரச் சாக்கடையாகச் சுருங்கியது, சில இடங்களில் வரைபடத்தோடு நின்றது. தண்ணீர் பழைய பாதையை மறக்கவில்லை. 2015 நவம்பர் நடுவிலும் டிசம்பர் தொடக்கத்திலும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ.

சட்டம் நிலத்துக்குப் பின்னால் ஓடியது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் லேஅவுட்டுக்குத் திட்டக் குழுமத்தின் அனுமதி தேவை. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அந்தப் பொறுப்பு பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துடையது (சி.எம்.டி.ஏ.), வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககத்துடையது (டி.டி.சி.பி.). ஆனால் பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டி ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஏராளமான மனைகள் விற்கப்பட்டன. பத்திரப்பதிவு தடையின்றி நடந்ததால் வாங்கியவருக்குச் சந்தேகம் எழவில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அரசு 2017-இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி அதற்குள் வரலாம் என்றது.

கேட் உள்ள குடியிருப்பு பெருகியது 2000-க்குப் பிறகு. தரமணியில் ஐ.டி. வளாகமான டைடல் பார்க் 2000-இல் திறந்தது. செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டி 2002-இல் வந்தது. தாம்பரத்தில் 1984 முதலே மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் இருந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோரும், வெளிநாட்டிலிருந்தே பவர் பத்திரம் கொடுத்து வாங்குவோரும் இதன் வாடிக்கையாளர் ஆயினர். பூட்டிவிட்டுப் போகலாம், செக்யூரிட்டி இருக்கிறார் என்பதே முதல் கவர்ச்சி. நீச்சல் குளம் அதற்குப் பிறகுதான். மூடிய தொழிற்சாலைகளின் நிலமும் சந்தைக்கு வந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கார் செய்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்கு மாடிகளும் நிற்கின்றன. ரயில் நிலையத்துக்கு அருகே இடம் தீர்ந்ததும் கட்டுமான நிறுவனங்கள் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையின் மாம்பாக்கம், கண்டிகைப் பக்கமும், மேற்கே மண்ணிவாக்கம், படப்பை வரையும் போயின. அங்கே தனிமை விற்பனைப் பொருளாயிற்று. காய்கறி வாங்கவும் காரை எடுக்க வேண்டும் என்பது விலையில் சேராது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அதே தென்புறத்தில் இன்னொரு வகை ஒதுக்குப்புறக் குடியிருப்பும் எழுந்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை அரசு அடுக்குமாடிகளில் வைத்தது. அவர்களுக்குத் தூரம் தேர்வாக இருக்கவில்லை. பல வளாகங்களின் வீட்டு வேலைக்கும் காவலுக்கும் ஆள் வருவது இத்தகைய குடியிருப்புகளிலிருந்துதான்.

விளம்பரத்தில் ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று ஒரே பெயரில் வரும் இரண்டு ஏற்பாடுகள் சட்டத்தில் வேறானவை. மனைகளாகப் பிரித்து விற்கும் லேஅவுட்டில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தால்தான் அனுமதி கிடைக்கும். ஒப்படைத்த பின் அது பொதுச் சாலை. அதன் குறுக்கே கேட் போட்டு ஊராரைத் தடுக்க உரிமையில்லை. வில்லா மனை வாங்குவோரில் பலர் அந்தக் கேட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். அடுக்குமாடித் தொகுப்பில் நிலைமை வேறு. மொத்த நிலமும் பிரிக்கப்படாத பங்காக (யூ.டி.எஸ்.) வீட்டுக்காரர்களுக்குச் சேரும், உள்வழி அவர்களின் பொதுச் சொத்து, கேட்டும் அவர்களுடையது. ஆனால் இங்கும் நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக (ஓ.எஸ்.ஆர்.) உள்ளாட்சிக்குத் தானம் செய்ய வேண்டும். இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. சுவருக்குள் பூங்காவாகக் காட்டப்படும் இடம் பொதுமக்களுடையதாக இருக்கலாம் என்பதால், வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். என்று குறித்த பகுதியை வாங்குபவர் தேடிப் பார்ப்பது வழக்கமாகி வருகிறது.

பழைய வளாகங்களில் நிறுவனம் செய்த வேலையை இங்கே வீட்டுக்காரர் சங்கம் செய்கிறது. போர்வெல், தண்ணி லாரி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், லிஃப்ட், ஜெனரேட்டர், குப்பை எல்லாம் மாத மெயின்டனன்ஸ் கட்டணத்தில் அடங்கும். மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. வரியும் சேரலாம். சொத்துவரி தனியாக உள்ளாட்சிக்குப் போகும். உள்ளே துடைப்பமும் விளக்கும் அந்த வரியிலிருந்து வருவதில்லை. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்தபோது பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தண்ணி லாரிக்குக் காத்திருந்தார்கள், சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. பெரிய வளாகத்துக்கு ஒரு நாளைக்கே பல லாரிகள் வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ருசி பார்த்த பழைய சோதனையின் இடத்தில் இப்போது லாரிக் கணக்கு நோட்டுதான் நிற்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

வெள்ளத்திலும் சுவருக்கு வேறு விளைவு உண்டு. புதிய வளாகம் மண் கொட்டி மேடாக்கிக் கட்டப்படும். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்துப் பழைய தெருவில் போய் நிற்கும். உள்ளே இருப்பவர் தப்பினாலும் வெளியே வர வழியிருக்காது. மின்பலகையும் ஜெனரேட்டரும் அடித்தளத்தில் இருக்கும் கட்டடத்தில் தண்ணீர் புகுந்தால் பத்தாவது மாடிக்கும் மின்சாரமும் குடிநீரும் நின்றுபோகும். 2015-க்குப் பிறகு மேற்குத் தாம்பரத்தில் வீடு தேடுவோர் அந்த டிசம்பரில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து மளிகைக்கடையில் விசாரிப்பது எழுதப்படாத நடைமுறையாயிற்று.

2017-இல் நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டமைப்புக் குறைகளுக்குக் கட்டியவர் ஐந்து ஆண்டு பொறுப்பு. பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் கடமையும் அவருக்கு உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் உட்பட ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்ததும், ஒதுக்குப்புறம் என்று விற்கப்பட்ட வண்டலூர்ப் பக்கம் போக்குவரத்து நெரிசலுக்குள் வந்துவிட்டது.

1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறது அது. 2000-களின் தொடக்கத்தில் எழுந்த முதல் தலைமுறை வளாகங்கள் முதுமையை நெருங்குகின்றன. இடிக்கும் நாளில் ஒருவருக்குக் கிடைப்பதைத் தீர்மானிப்பது சதுர அடியோ மாடியோ அல்ல, பத்திரத்தில் எழுதிய நிலப் பங்கு. ஆகவே சந்தையில் பழைய வளாக வீடுகளைப் பேசும் தரகர்கள் இப்போது கிளப் ஹவுஸைக் காட்டும் முன்பே யூ.டி.எஸ். எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள்.