வட்டிக் கணக்குக்கு ஒரு பள்ளிக்கூடம்

காரைக்குடி, தேவகோட்டை என்றில்லை, எங்கள் காளையார்கோவில் பக்கத்திலும் இப்போது பிள்ளைகளுக்கு விதவிதமான தனி வகுப்புகள் வந்துவிட்டன. அபாகஸ் ஒரு பக்கம், இங்கிலீஷ் பேசப் பழக்குவது ஒரு பக்கம், ஆறாவது படிக்கும்போதே டாக்டர் பரீட்சைக்குத் தயார் செய்வது இன்னொரு பக்கம். காசு கட்டி ஒரு தொழிலுக்கென்றே குழந்தையைப் பழக்குவது புதுசு என்று பலர் நினைக்கிறார்கள். செட்டிநாட்டுக்கு இது புதுசே இல்லை. கொண்டுவிக்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போக வேண்டிய பையனை இந்த ஊர்களின் திண்ணைப் பள்ளிகள்தான் முதலில் தயார் செய்தன.

திண்ணைப் பள்ளி தமிழ்நாடு முழுக்க இருந்தது. சர்க்கார் பணம் கிடையாது. வாத்தியாருக்குப் பெற்றோர் கொடுப்பதுதான் வருமானம், காசாகவோ நெல்லாகவோ. நவராத்திரியில் பிள்ளைகள் வீடுவீடாகப் பாடிப்போய் வாங்கி வருவதும் அவருக்குத்தான். சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லா கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826இல் எழுதி வைத்தார். அப்போது ஜனத்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். அந்தப் பிள்ளைகளில் பெண்கள் மிகச் சொற்பம். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணை ஏறவே வழியில்லை. பழங்காலப் பெருமை பேசுகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

படிப்பு மணலில் ஆரம்பிக்கும். விரல் தேய எழுதி, சத்தமாகச் சொல்லி, பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். மாண்டிசோரி பள்ளியில் உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவச் சொல்கிறார்களே, அந்தச் சூட்சுமம் இங்கேயும் இருந்தது. மூத்த பையன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அது பரவி, 1815க்குப் பிறகு பிரான்சுக்கும் போயிற்று. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரிஸ் வரை போன அந்த முறையில் நம் ஊர் மணலுக்கும் பங்கு உண்டு என்பதை எங்கள் பாடப் புத்தகம் சொன்னதில்லை!

தண்டனைகளும் சாமானியமல்ல. கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டத்தைப் பற்றி உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தெரியும்.

எண்சுவடிக்கு வருகிறேன். அதுதான் இந்தப் படிப்பின் உயிர். நாம் பின்னம் என்று பள்ளியில் பயந்து படித்ததை அந்தப் பையன்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து மனப்பாடம் செய்தார்கள். 320இல் ஒன்று முந்திரி, 160இல் ஒன்று அரைக்காணி, 80இல் ஒன்று காணி, 20இல் ஒன்று மா. மாவும் காணியும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று, அதன் பெயரே மாகாணி. வீசம் என்பதும் அதுதான். பெயரைச் சொன்னாலே கூட்டல் முடிந்துவிடுகிறது! காலைக் காலால் பெருக்கினால் மாகாணி, முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையும் மாகாணியும். இருபதையும் எண்பதையும் அடியாக வைத்த இந்தக் கணக்கைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் பிரெஞ்சில் எண்பதுக்கு 'நாலு இருபது' என்றுதான் சொல்லுவார்கள்.

இந்தப் பின்னங்கள் வட்டிக்கடைக்கு ஏன் அவ்வளவு பொருந்தின? ரூபாய்க்குப் 16 அணா. ஆகவே ஓர் அணா என்பதே ஒரு வீசம். இரண்டணா அரைக்கால், நாலணா கால். 800 ரூபாய், முக்கால் வட்டி, 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நூற்றுக்கு முக்கால் என்றால் 800க்கு 6 ரூபாய். மாதம் 30 நாள், அதில் 25 நாள் என்பது ஆறில் ஐந்து பங்கு, ஆக 5 ரூபாய். இது சுலபமானது. 735 ரூபாய், 17 நாள் என்று வந்தாலும் காகிதம் தேடாமல் சொல்ல வேண்டும். ரங்கூன் மொகல் தெருக் கோவிலில் செட்டியார்கள் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். விகிதம் அடிக்கடி மாறுவதால் பையனுக்கு எல்லா விகிதத்திலும் கணக்கு ஓட வேண்டும். வட்டிச் சிட்டைப் புத்தகம் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதைப் புரட்டிக்கொண்டிருப்பவனுக்குக் கடையில் மதிப்பில்லை.

திண்ணைப் படிப்பு முடித்தவன் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்காருவான். பிறகு அடுத்தாள், அதன் பிறகு மேலாள். பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது வழக்கம். ஒரு பக்கம் பார்த்தால் இதைப்போல வேலைக்கும் படிப்புக்கும் இடைவெளியில்லாத பள்ளி கிடையாது.

ஆனால் ஒரே தொழிலுக்கு ஆன படிப்பு, அந்தத் தொழிலோடு சேர்ந்துதான் நிற்கும். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் கைக்கு வந்தன. பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்துவிட்டது. பணம் மண்ணாக மாறி முடங்கியது. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு ரங்கூனில் விழுந்ததும், மலைப் பாதையில் நடந்தே இந்தியா வந்தவர்கள் ஏராளம். 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. முந்திரி, மாகாணி தெரிந்த நாற்பது வயது மனிதருக்கு இங்கே ஆபீஸ் வேலை கேட்கச் சான்றிதழ் இல்லை.

இந்த அடியை வைத்துப் பார்த்தால்தான் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் செய்தது எவ்வளவு பெரிது என்று எனக்குப் படுகிறது. 1947 ஜூலையில் அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழாவில், பணக்காரர்கள் கல்லூரி தொடங்க வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசினார். அதைக் கேட்ட அழகப்பர் அங்கேயே ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 11இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி திறந்தாயிற்று. ஆறு வாரம்கூட ஆகவில்லை. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நேரு 1948இல் அடிக்கல் நாட்டினார். செட்டிநாட்டுப் பையன் எந்தத் தொழிலுக்கும் போகலாம் என்று கதவு திறந்தது அப்போதுதான்.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு. அணா போனதும் வீசமும் மாகாணியும் வேலையற்றுப் போயின. அழகப்பர் காலமானது அதே மாதம் 5ஆம் தேதி.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு இந்தத் திண்ணைக் கணக்கை ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில் எண்சுவடியோ வட்டிச் சிட்டையோ பழைய பேரேடோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.