கூடலூரில் இறங்கிய வண்டு

1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துக் காப்பிப் பழங்களின் நுனியில் குண்டூசி குத்தியதுபோல் துளைகள் தெரிந்தன. பிளந்து பார்த்தால் பொடிந்த கொட்டை, வெள்ளைப் புழுக்கள், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்பு வண்டு. இந்தியாவில் காப்பிக் காய்த்துளைப்பான் முதலில் அகப்பட்டது அங்கேதான்.

பைன் காடுகளைப் பட்டுப்போக வைக்கும் பட்டைத்துளை வண்டுகளுக்கு இது நெருங்கிய சொந்தம். பட்டையை விட்டுக் கொட்டைக்குள் குடிபுகுந்த கிளை.

பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1867இல் இதற்குப் பெயர் வைத்தபோது ஆராய்ச்சியாளர் கையில் இருந்தது வணிகச் சரக்காக வந்த கொட்டை. தோட்டத்தில் இதைக் கண்டது 1901இல், காபோன் நாட்டில். பிரேசில், ஜாவா, இலங்கை என்று பரவிய பிறகுதான் கூடலூர். அங்கிருந்து வயநாடு, குடகு.

இத்தனை தூரம் இந்தச் சிறு பூச்சி போனதற்குக் காரணம் அதன் குடும்ப வாழ்க்கை. தாய் காய்க்குள்ளேயே முட்டையிடும். அங்கே பிறந்த அண்ணன் தங்கைகளே இணைசேரும். ஆணுக்குப் பறக்க வராது. பெண்ணோ கருவுற்றே வெளியே வரும். ஆகவே ஒரே ஒரு பெண் வண்டு போதும், புதுத் தோட்டத்தில் வம்சம் தழைக்க.

அறுவடைக்குப் பின் செடியிலும் தரையிலும் தங்கிய வற்றல் காய்களில் பதுங்கியிருந்து, கோடை மழை ஈரம் பட்டதும் கிளம்பும். காய்க்குள் போய்விட்டால் மருந்து எளிதில் எட்டாது.

அதனால் காய் பொறுக்குவதே முதல் வேலை ஆனது. சருகை விலக்கி, குனிந்த முதுகு நிமிராமல், சிந்திய ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். காப்பியின் வரலாற்றை எழுதுவோர் துரைமார்களை விரிவாக எழுதுகிறார்கள். பொறுக்கிய கைகளுக்கும் அதே அளவு பக்கம் ஒதுக்க வேண்டும். பொறுக்கியதில் துளை விழுந்ததைத் தனியே பிரித்து, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுப்பார்கள்.