இரண்டு வாக்குகளின் காலம்

சங்கரன்கோவிலை இன்று நாம் தனித்தொகுதியாகவே அறிவோம். 1957 சட்டமன்றத் தேர்தலில் அஃது இரட்டை உறுப்பினர் தொகுதி: ஓரிடம் பொது, மற்றது பட்டியல் சாதியினர்க்கு. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளித்தல் ஆகாது. ஒதுக்கீட்டு இடத்தை முதலில் நிரப்புவர். எஞ்சியோருள் மிகுதியான வாக்குப் பெற்றவர், எவ்வினத்தவராயினும், பொது இடத்தைப் பெறுவார்.

சிக்கல் இங்கேதான் முளைத்தது. அவ்வாண்டு ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடியினரே வென்றனர். தோற்றவர் வி. வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அவர் தொடுத்த வழக்கில், 1959இல் உச்சநீதிமன்றம் அம்முடிவு செல்லும் என்றது. 1961இல் சட்டமியற்றி இம்முறையையே ஒழித்தனர். தொகுதியின் பரப்பு பெரிது என்றும் காரணம் கூறினர். அது மட்டுமே காரணம் என நாம் நம்புவதற்கில்லை. இன்றோ பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளரைக் கட்சிகள் நிறுத்துவதே அரிது.