ஹெரால்டின் பின்சக்கரங்கள்

தமிழில் கார்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை விலையையும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் தாண்டுவதில்லை. வளைவில் அந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்னும் கேள்வி நம் எழுத்தில் அரிதாகவே எழுந்திருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலைக்கு அருகே, நாமகிரிப்பேட்டையில் இருந்துகொண்டு பார்க்கும்போது இது வியப்பாகவே தோன்றுகிறது. காரணம் புரியாமலும் இல்லை. மஞ்சள் மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் லாரியுமாக வளர்ந்த வட்டாரம் இது. வண்டியின் பெருமை அது தாங்கும் பாரத்தில்தான் இருந்தது.

ஆனால் பழைய நினைவு வேறு மாதிரியானது. கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு பொருத காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. ஊர்பவனும் ஊர்தியும் ஒன்றாகிப்போகும் அந்த அனுபவத்தைக் குறைந்த விலையில், சிறிய உருவில், ஒரு சாதாரணக் காரிலிருந்து பெற முடியுமா? இதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஒன்று சென்னையில், மற்றொன்று கோவையில்.

உலக அளவில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியது 1959இல் வந்த மினி. எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களை இயக்கி, சிறிய சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளிய அந்தக் குடும்பக் கார், 1964இல் மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களை வென்றது. அதே 1959இல் அதே இங்கிலாந்தில் வெளிவந்த இன்னொரு சிறிய கார்தான் நம் கதைக்கு உரியது. அது டிரையம்ஃப் ஹெரால்டு. இத்தாலியரான மிகெலோட்டி வரைந்த உடல், 948 சிசி எஞ்சின். சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதனை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் பெயரில் செய்து விற்றது.

அம்பாசடரும் ஃபியட்டும் மட்டுமே சாலையில் தெரிந்த நாட்டில் ஹெரால்டு ஓர் அதிசயம். முன்பக்கம் முழுவதையும் ஒரே மூடியாகத் தூக்கிவிடலாம். மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்கு விதிக்கப்பட்ட அளவு அது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அதன் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கக்கூடியவை என்பது. மாட்டுவண்டியிலிருந்து லாரிவரை நமக்குப் பழக்கமான பின்னச்சு ஒரே உலக்கைபோல நேரானது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் அதனால் அலைப்புறும். ஹெரால்டில் அந்த உலக்கை இல்லை. நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலில் மூட்டு வைத்த இரண்டு அரை அச்சுகள், அவற்றுக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங். இந்த ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த விளையாட்டுக் காரை ஆங்கிலேயர் செய்தார்கள். அதாவது, பெருங்களத்தூரில் உருவான குடும்பக் காரின் எலும்புகளும் அந்த விளையாட்டுக் காரின் எலும்புகளும் ஒரே வம்சம்.

இத்தனை இருந்தும், 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்கு மாற்றாகச் சென்னையில் வந்த ‘கெஸல்’ காரில் பின்பக்கம் மீண்டும் பழைய நேரான அச்சே பொருத்தப்பட்டது. வாங்குபவரும் மெக்கானிக்கும் அந்த மூட்டு அச்சை நம்பவில்லை என்பதே காரணம். உலகில் கார்கள் ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தபோது நாம் எதிர்த்திசையில் போனோம் என்று இதனைக் கேலி செய்வது எளிது. அந்தக் கேலியில் நமக்கு உடன்பாடில்லை.

அந்த அச்சில் உண்மையாகவே ஒரு கேடு இருந்தது. வேகமாக வளையும்போது பின்பக்கம் சற்றே எழும்பும், எழும்பியதும் வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடிந்து, டயரின் விளிம்பில் நிற்கும், பிடி போய்விடும். அமெரிக்காவில் செவ்ரலே கார்வேரின் தொடக்க கால வண்டிகளில் இதே வகை அச்சுதான் இருந்தது. ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய, கார் நிறுவனங்களை உலுக்கிய நூலின் முதல் இயலே அந்தக் காரைப் பற்றியது. நம் பட்டறைக்காரர் அந்த நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் நிமிர்ந்து நிற்க வேண்டிய சக்கரம் சாய்ந்து நிற்பதை அவருடைய கண் ஏற்கவில்லை. கண் சொன்னது தவறும் அல்ல.

வேறுபாடு நோயறிதலில் இல்லை, மருந்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி, 1970இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில் குறையைப் பெருமளவு போக்கினார்கள். சென்னையிலோ அமைப்பையே களைந்துவிட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டுக் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வளைவில் இன்னும் செம்மையாகப் போக வேண்டும் என்று கேட்கும் நிலையில் வாங்குபவர் இல்லை, செய்து காட்ட வேண்டிய கட்டாயம் செய்பவருக்கும் இல்லை. கெஸல் 1977வரை வந்து நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரோடு மீண்டும் வந்த நிறுவனம், சில ஆண்டுகளிலேயே கார் உற்பத்தியை விட்டுவிட்டது.

கேட்டவர்கள் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. செல்வந்தர் சிலர் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளைக் கொண்டுவந்தனர். மற்றவர்கள் வீட்டில் நின்ற ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறைக்கு எடுத்துச் சென்றார்கள். சிலிண்டர் தலையை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவது, கார்புரேட்டரை மாற்றுவது, இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைப்பது, ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைத் தாழ்த்துவது ஆகியவையே அவர்கள் அறிந்த வித்தை. விலை குறைந்த விளையாட்டுக் கார் என்பது நம் நாட்டில் வெகுகாலம் கடையில் வாங்கும் பொருளாக இல்லை. பட்டறையில் பிறக்கும் பொருளாகவே இருந்தது.

பட்டறை என்றால் கோவையைச் சொல்லாமல் முடியாது. 1952இலேயே ஜி.டி. நாயுடு 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறிய காரைச் செய்தார் என்பதும், அரசின் உரிமம் கிடைக்காமல் அது நின்றதும் பலரும் அறிந்தவை. அடுத்த வாய்ப்புக்கு 1983 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, 40 குதிரைத்திறனை எட்டாத எஞ்சின். ஆயினும் ஒரு டன்னைத் தாண்டிய அம்பாசடருக்கு எதிரே ஏறத்தாழ 650 கிலோ எடையே கொண்ட வண்டி. இயங்குவது முன்சக்கரம். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் திரும்பியது. காரோட்டிகள் பலருக்கு அதுவே புதிய செய்தி.

இதில் மறைந்திருந்ததைக் கண்டவர் கோவை எஸ். கரிவரதன். ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்து பந்தயத்திலும் வடிவமைப்பிலும் மூழ்கியவர். மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டகத்தில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியாக்கினார். 1980களின் பிற்பகுதியில் பிறந்த இதுதான் ‘ஃபார்முலா மாருதி’. எஞ்சினின் வலிமை பெரிதாக மாறவில்லை. கூரை போயிற்று, எடை போயிற்று, உடல் தரையை ஒட்டித் தாழ்ந்தது. உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எல்லாரிடமும் ஒரே எஞ்சின் என்பதால் வென்றவர் பணத்தால் வென்றார் என்று சொல்ல இடமில்லை. இதுவே கரிவரதனின் பெரிய கொடை என்பது நம் துணிபு. கோவையின் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்வைத் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். அவர் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவருடைய பெயரின் முதற்பகுதியான ‘கரி’ சூட்டப்பட்டது.

சோழவரத்தின் இடத்தை 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் எடுத்துக்கொண்டது. அதே ஊரில் 1998இல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. விளையாட்டுக் குணம் ஏற்றிய ஐ20 என் லைன் என்னும் சிறிய காரை 2021இல் ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. 120 குதிரைத்திறன், இறுக்கிய ஸ்பிரிங், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். ‘விலை குறைந்த’ என்னும் அடைமொழியை இதற்குத் தருவதா என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. இந்தக் காரின் பின்சக்கரங்களும் தனித்தனியானவை அல்ல. முறுக்கிக்கொடுக்கும் ஒரு குறுக்குத் தண்டால் இணைக்கப்பட்டவை. 1976இல் வந்து இவ்வகைக் கார்களுக்கே இலக்கணம் வகுத்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயிலும் அப்படித்தான். இழுக்கும் வேலை முன்சக்கரத்துக்குப் போய்விட்ட பிறகு, பின்பக்கத்தில் கனமான டிஃபரன்ஷியலும் இல்லை, ஹெரால்டின் மூட்டுகளுக்குத் தேவையும் இல்லை.