கம்பியிலிருந்து அலைனர் வரை: பல்வரிசையைச் சீர்செய்யும் கலையின் வரலாறு

ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பல்லுக்குத் தெற்றுப்பல் என்றும், உதட்டைத் தள்ளிக்கொண்டு முன்னே நிற்கும் பல்லுக்கு எத்துப்பல் என்றும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றைச் சீர்செய்யும் வேலைக்கு மட்டும் ‘கம்பி கட்டுதல்’ என்ற ஒரே பெயர்தான் நெடுநாளாக வழங்கிவருகிறது. அந்தக் கம்பிக்கு மாற்றாக இன்று முன்வைக்கப்படும் அலைனர் என்பது, பல்வரிசையின்மேல் உறைபோலப் பொருந்துவதும் கழற்றி மாட்டத்தக்கதுமான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு. அது யாருக்கு ஏற்றது என்ற கேள்விக்கு உரிய விடையின் பெரும்பகுதி அது பிறந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார், 1728இல் வெளியிட்ட நூலில், லாட வடிவிலான உலோகப் பட்டையோடு பற்களை நூலால் பிணைத்து இழுக்கும் முறையை விவரித்தார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், மேல்தாடையின் கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை அளவுகோலாகக் கொண்டு, பல்வரிசைக் கோளாறுகளை 1899இல் மூன்று வகைகளாகப் பிரித்தார். பல்லின்மேல் ஒட்டப்படும் சிறு பிடியாகிய பிராக்கெட்டின் செவ்வகப் பள்ளத்தில் செவ்வகக் கம்பியை ஓட்டும் முறையை அவரே 1928இல் வகுத்தளித்தார். உருண்டைக் கம்பி பல்லைச் சாய்க்க மட்டுமே வல்லதாயிருக்க, பள்ளத்தில் இறுகப் பொருந்திய செவ்வகக் கம்பியோ எலும்புக்குள் புதைந்திருக்கும் வேரையும் வேண்டிய திசையில் திருப்பிற்று. எந்தக் கருவியைக் கொண்டு அழுத்தினாலும் உடலின் செயல் ஒன்றே: அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது, அந்த இடைவெளியில் பல் மெல்ல நகர்கிறது.

இந்தியாவில் முறையான பல் மருத்துவக் கல்வி 1920இல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது தொடங்கிய கல்லூரியோடு வேர்கொண்டது; பம்பாயில் நாயர் மருத்துவமனையோடு இணைந்த பல் மருத்துவக் கல்லூரி 1933இல் உருவாயிற்று; 1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது; பல் சீரமைப்பு வல்லுநர்களுக்கான இந்திய ஆர்த்தோடான்டிக் சொசைட்டி 1965இல் அமைந்தது. இச்சிகிச்சையை நாடிச் செல்லக்கூடிய தமிழர் குடியிருப்புகள் பம்பாயின் வடக்கு விளிம்பில் உருவானதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். 1896இன் பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை மாதுங்கா பகுதியில் மனைகளை வகுக்க, அங்கே அலுவலகப் பணியாளர்களாகவும் தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளர்களாகவும் தமிழர்கள் குடியேறினர். இரண்டுக்கும் அருகிலுள்ள ஆண்டாப் ஹில்லில் பின்னாளில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. மாதந்தோறும் மருத்துவரிடம் சென்று கம்பியை இறுக்கிக்கொள்ள வேண்டிய சிகிச்சைக்கு ரயில் வசதி சிறிய துணையன்று. ஆண்டாப் ஹில்லுக்கு அருகே, முன்பு கோலிவாடா என்று அழைக்கப்பட்ட ஜி.டி.பி. நகர் நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டியேறி, கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி.யில் இறங்குபவர், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம்.

அலைனரின் மரபுவழி வேறு. கம்பி சிகிச்சையின் முடிவில் எஞ்சும் சிறு பிசகுகளைத் திருத்தி நிறுத்துவதற்காக, 1945இல் ஹெரால்டு கெஸ்லிங் ரப்பரால் ஒரு பல்லுறையை உருவாக்கினார். மாதிரிப் பற்களைச் சிறிது சிறிதாக இடம் மாற்றி, அடுத்தடுத்துப் பல உறைகள் செய்தால் பெரிய நகர்வுகளும் இயலும் என்று அவர் அன்றே கருதினார். கையால் செய்யும்போது மிகுந்த உழைப்பு வேண்டிய அந்த எண்ணத்தை, கணினியும் முப்பரிமாண அச்சும் வந்த பின், ஜியா சிஷ்டியும் கெல்சி விர்த்தும் 1997இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் தொழிலாக்கிற்று. சிஷ்டி பெரியவரான பிறகு கம்பி கட்டிக்கொண்டவர். கம்பி நீங்கியபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கும் ரிட்டெய்னர் என்ற தட்டைச் சில நாள் அணியாமல் விட்டபோது பல் நகர்ந்ததும், மீண்டும் அணிந்தபோது அது திரும்பி வந்ததும் அவருக்கு இந்த யோசனையைத் தந்தன. அந்நிறுவனத்தின் முதன்மைக் காப்புரிமைகள் 2017இல் காலாவதியாகத் தொடங்க, பல நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின.

நிறைவு வேலைக்கான கருவியாகப் பிறந்ததன் அடையாளம் அலைனரின் வலிமையிலும் குறையிலும் இன்றும் தெரிகிறது. ஒவ்வொரு தட்டும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்துவதால், சிறு இடைவெளி, இலேசான நெருக்கம், முன்பற்களின் சாய்வு ஆகியவற்றை அது நன்றாகச் சீர்செய்கிறது. வழவழப்பான பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காத உருண்டைப் பல்லைச் சுழற்றுவதிலும், பல்லை ஈறிலிருந்து வெளியே இழுப்பதிலும், பல் பிடுங்கிய இடத்தை வேர் சாயாமல் மூடுவதிலும் அது தடுமாறுகிறது. பல்லின் நிறத்தில் சிறு மேடுகளை ஒட்டிப் பிடி உண்டாக்கிய பிறகும், கணினி திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 41 விழுக்காடே வாயில் நிறைவேறியதாக 2009இல் வந்த ஆய்வும், 50 விழுக்காடு நிறைவேறியதாக 2020இல் வந்த ஆய்வும் காட்டின. தாடை எலும்பின் அளவிலேயே பிசகு உள்ளவருக்குக் கம்பியும் சில வேளைகளில் அறுவையும் தேவைப்படுகின்றன.

மற்றொரு மாற்றம் பொறுப்பின் இடமாற்றம். கம்பி தானாகவே இரவும் பகலும் வேலை செய்ய, அலைனரோ நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் பயன் தருகிறது. காலையில் ஃபில்டர் காபி, நிலைய வாசலில் வடாபாவ், அலுவலகத்தில் இருமுறை கட்டிங் சாய், மதியச் சாப்பாடு, இரவு உணவு என்று ஆறு முறை கழற்றி, முறைக்கு அரை மணி நேரம் வெளியே வைத்தால் மூன்று மணி நேரம் போய்விடுகிறது. சூடான தேநீரோடு மாட்டியே வைத்திருந்தாலோ தட்டு கறைபடுவதோடு வடிவமும் கெடும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க இயலாதவருக்கு, வெளியே தெரிந்தாலும், கம்பியே பொருத்தமானது.

அணிபவரின் ஒழுங்கு மட்டும் போதாது, மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும்: மருத்துவர் நேரில் பாராமலே தபாலில் தட்டு அனுப்பிய அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் கைவிடப்பட்டனர். ஈறு நோயையும் வேரின் நிலையையும் எக்ஸ்-ரேயால் அறிந்த பின்னரே பல்லை நகர்த்த வேண்டும் என்பது கம்பிக்கும் தட்டுக்கும் பொது விதி. இறுதியில் இரு வழிகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன: எலும்பு இறுகும்வரையும் அதற்குப் பின்னும், எந்தச் சிகிச்சை பெற்றவரும் இரவில் மாட்டிக்கொள்ள வேண்டியது, சிஷ்டிக்கு அலைனர் யோசனையைத் தந்த அந்த ரிட்டெய்னரைத்தான்.