மழை நாளின் கூலி

காஜாங்கில் பனி பெய்வதில்லை. ஆயினும், ஆசியக் கண்டத்தின் வடபுலத்தில் குளிர்காலம் முற்றுங்கால் அதன் விளைவு இவ்வூரையும் வந்து தொடுகிறது. சைபீரியப் பெருவெளியில் திரளும் குளிர்காற்று தெற்கு நோக்கிப் பாய்ந்து, தென்சீனக் கடலைக் கடக்கையில் நீராவியை வாரிக்கொண்டு, நவம்பர் முதல் மார்ச் வரை தீபகற்பத்தின் மீது மழையாகப் பொழிகிறது. வடகிழக்குப் பருவக்காற்று என்பது இதுவே. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்கள் இதனை நேருக்கு நேர் ஏற்பவை. அங்கு மீனவர் படகுகளைக் கரையேற்றிவிட்டு வலைகளைச் செப்பனிடுவர். வீடுகள் தூண்களின் மேல் உயர்ந்து நின்றன. வெள்ளத்தை எதிர்பார்த்தே அமைந்த வாழ்க்கை அது. தித்திவங்சா மலைத்தொடருக்கு மேற்கே, லங்காட் ஆற்றங்கரையில் உள்ள காஜாங்கிற்கோ அம்மலையே அரண்.

அவ்வரண் எப்போதும் காத்ததில்லை. 1926 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் கோலாலம்பூரையும் மூழ்கடித்தது. 1971 ஜனவரியில் தலைநகர் மீண்டும் மூழ்கியபோது, பிரதமர் துன் அப்துல் ரசாக் அதனைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். ஆறுகள் அகலப்படுத்தப்பட்டன, அணைகள் எழுந்தன, 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கமும் திறக்கப்பட்டது. எனினும் 2021 டிசம்பரில் உலு லங்காட்டும் ஷா ஆலமின் ஸ்ரீ மூடாவும் நீரில் மூழ்கின.

இவை யாவும் ஏடேறிய வரலாறு. வெள்ளம் வராத, வெறும் மழை மட்டும் பெய்த விடியற்காலைகளுக்கு வரலாறு இல்லை. தமிழர் வாழ்வை அதிகம் அலைக்கழித்தவை அவ்விடியற்காலைகளே.

1890களில் ரப்பர் பயிரிட்ட முன்னோடித் தோட்டங்களுள் ஒன்று காஜாங் வட்டாரத்து இன்ச் கென்னத் தோட்டம். அதனைத் தொடர்ந்து இச்சுற்றுவட்டாரமே பால்மரக் காடாயிற்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தாலோ, பால் கோட்டின் வழியே இறங்காமல் மரமெங்கும் வழிந்தோடும். சீவி முடித்தபின் மழை வந்தாலோ மங்குகளில் நிறைந்த பால் நீரோடு நீராகும். கங்காணி வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார். வானம் வெளுக்கவில்லையெனில் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையெனில் கூலியும் இல்லை. அரிசிக்கடைக்காரர் மட்டும் மழைநாளைக் கழித்துக் கணக்கெழுதியதில்லை!

ஈண்டு ஒரு முரணை எண்ணிப் பார்த்தல் தகும். தஞ்சை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து கப்பலேறியவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை புதியதன்று. ஏரியும் குளமும் நிரம்ப, சம்பாப் பயிர் தழைக்கச் செய்த மழை அது. அங்கும் அதனைக் கொணர்வது வடகிழக்குப் பருவக்காற்றே. ஊரில் வேண்டி நின்ற மழையை இங்கு வந்தபின் வேண்டாமென்று விலக்க வேண்டியதாயிற்று.

மழை ஓய்ந்தாலும் தொல்லை ஓயவில்லை. பிப்ரவரி, மார்ச் திங்களில் மரங்கள் இலையுதிர்க்கும், பால் குறையும், வருவாயும் குறையும். கொளுத்தும் வெயிலில் நிகழும் இதற்குத் துரைமார் இட்ட பெயர் 'விண்டரிங்', அதாவது குளிர்காலம் என்பது. தம் நாட்டு மரங்களை நினைந்து வைத்த பெயர் போலும்.

இத்தகைய இடையூற்றைப் பிற நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன? கேரளத்தில் ரப்பர் பயிரிடுவோர் வெட்டுப் பகுதிக்கு மேலே நெகிழித்தாளைப் பாவாடைபோல் ஒட்டி, தென்மேற்குப் பருவமழையிலும் பால் எடுக்கின்றனர். மரத்தைக் காக்கும் வழி அது. மனிதனைக் காக்கும் வழியை மேற்கு ஜெர்மனி கண்டது. உறைபனியால் கட்டட வேலை நின்றுபோகும் நாட்களுக்குத் தொழிலாளர்க்கு ஊதிய இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு 1959இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. வானிலையின் நட்டத்தைத் தொழிலாளி ஒருவனே சுமக்கலாகாது என்பதை ஒரு நாடு சட்டமாக ஏற்ற செயல் அது. பனிக்கு ஒப்பிய நீதி மழைக்கு ஏன் ஒவ்வாது?

மலாயாத் தோட்டங்களில் இக்கேள்வியை எழுப்பியோர் தொழிற்சங்கத்தார். 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளக் கோரிக்கையை நெடுங்காலம் வலியுறுத்திற்று. 1990இல் அதற்காக வேலைநிறுத்தமும் செய்தது. மாதச் சம்பளம் என்பது கூடுதல் பணம் கேட்ட கோரிக்கை மட்டுமன்று. மழை பெய்த நாளையும் நாளாகக் கணக்கிடுக என்பதே அதன் உட்பொருள். நாட்டளவில் குறைந்தபட்ச ஊதியம் 2013 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். அதற்குள் காஜாங் வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் பெரும்பகுதி அழிந்து, வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன.