அறையில் இல்லாத மூன்றாமவர்: உலகளாவிய சுகாதாரம் பயிலும் இளநிலை மாணவர்க்கான கல்வி ஆலோசனை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவருக்குக் கல்வி ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது, எதை முதன்மைப் பாடமாகக் கொள்வது, கோடை விடுமுறையை எப்படிப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் மாணவர் அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார். நம் கல்லூரிகளில் வகுப்பாசிரியரும் துறைத்தலைவரும் சீனியர் மாணவர்களும் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்யும் வேலை அங்கே தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கென்று கோட்பாடும் ஆய்விதழ்களும் இருக்கின்றன. உலகளாவிய சுகாதாரம் என்ற பாடத்தைப் பொறுத்தவரை அந்தக் கோட்பாட்டின் அடிப்படையே மாற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கோட்பாடு இருவரை மட்டும் கணக்கில் கொண்டது: ஆலோசகர் ஒருவர், மாணவர் ஒருவர். இந்தப் பாடத்தில் மூன்றாவதாகவும் ஒருவர் இருக்கிறார். மாணவர் போய் இறங்கப்போகும் ஊரின் நோயாளி அவர். பேச்சில் அவருக்கு இடமில்லை. பேச்சின் விளைவில் மட்டும் பங்கு உண்டு.

கல்வி ஆலோசனைக் கோட்பாட்டின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது 1972ஆம் ஆண்டு. அவ்வாண்டில் பர்ன்ஸ் குரூக்ஸ்டன், டெரி ஓபேனியன் இருவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இன்றும் மேற்கோளாகின்றன. அதுவரை ஆலோசகர் பெரும்பாலும் படிவத்தில் கையெழுத்திடுபவர். தேவையான கிரெடிட் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பவர். குரூக்ஸ்டன் அந்த முறையை மருத்துவர் நோயாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பிட்டார். அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது வளர்ச்சிநோக்கு ஆலோசனை. அதில் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஓபேனியன் ஐந்து படிகளை வகுத்தார்: முதலில் வாழ்க்கை இலக்கு, அடுத்துத் தொழில் இலக்கு, பிறகு படிப்பு, அதற்குப் பின் பாடங்கள், கடைசியில் கால அட்டவணை. மாணவரை முழு மனிதராக மதித்த இந்த மாற்றத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து படிகளும் மாணவரின் விருப்பத்தில்தான் கால் ஊன்றியிருக்கின்றன. கணிதமோ வரலாறோ படிப்பவருக்கு அதனால் கேடில்லை. தவறான பாடத்தை எடுத்தால் ஒரு பருவம் வீணாகும், இழப்பும் அவருடையதே.

உலகளாவிய சுகாதாரம் இளநிலைப் படிப்பாகப் பரவியது அண்மையில்தான். பொதுச் சுகாதாரக் கல்வி இளநிலை மாணவர் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் அறிக்கை ஒன்று 2003இல் பரிந்துரைத்தது. டியூக் பல்கலைக்கழகம் 2013இல் உலகளாவிய சுகாதாரத்தை முதன்மைப் பாடமாக்கியபோது, வேறொரு முதன்மைப் பாடத்தோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த விதியில் ஒரு தெளிவு இருக்கிறது: இளநிலைப் பட்டத்தோடு நேரே போய் அமரக்கூடிய தொழில் ஒன்று இந்தப் பாடத்துக்கு இல்லை. இதைப் படிப்பவர்களில் ஒரு பெரும்பகுதியினர் மருத்துவக் கல்லூரியை நோக்கி நிற்பவர்கள். அமெரிக்காவில் நான்காண்டு இளநிலைப் படிப்பு முடிந்த பிறகே மருத்துவப் படிப்பு. நுழைவுத் தேர்வில் 2015 முதல் உளவியல், சமூகவியல் பகுதியும் சேர்ந்துவிட்டது. ஆகவே சமூகமும் நோயும் கலந்த இந்தப் பாடம் அவர்களுக்கு அந்தத் தேர்விலும் உதவுகிறது. விண்ணப்பத்தில் எழுத ஒரு வெளிநாட்டு அனுபவமும் வேண்டும் என்ற நினைப்பு இதோடு சேர்ந்துகொள்கிறது. முதலாண்டு மாணவர் ஆலோசகரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதே.

போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். அன்று ஜயர் என்றும் இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு என்றும் வழங்கும் நாட்டில் யம்புக்கு என்ற சிற்றூர். அங்கே பெல்ஜியக் கன்னியாஸ்திரீகள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவர் இல்லை. கன்னியாஸ்திரீகளும் உள்ளூர்ப் பணியாளர்களுமே சிகிச்சை அளித்தார்கள். வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் ஐந்து சிரிஞ்சுகள் கொடுக்கப்பட்டன. ஒருவருக்குப் போட்ட ஊசியை அலசிவிட்டு அடுத்தவருக்குப் போட்டார்கள். 1976இல் பின்னாளில் எபோலா என்று பெயர் பெற்ற நோய் அங்கே வந்தபோது அந்த ஊசிகளே அதைப் பரப்பின. 318 பேருக்கு நோய் கண்டது. 280 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் கன்னியாஸ்திரீகளும் உண்டு. ஆஸ்பத்திரியை மூடிய பிறகே நோய் தணிந்தது. அந்தக் கன்னியாஸ்திரீகளுடைய அன்பை யாரும் சந்தேகிக்க முடியாது. அந்த ஊரிலேயே தங்கி, அந்த மக்களுக்கென்றே வாழ்ந்து, அவர்களோடே மாண்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் கையிலேயே முறையான பயிற்சியும் போதிய கருவியும் இல்லாத சிகிச்சை நோயைச் சுமந்து போனது என்றால், ஆறு வாரம் தங்கிப்போகும் இருபது வயது மாணவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு நோயாளியை எப்படி ஒப்படைப்பது? யம்புக்குவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

தன் ஊர் ஆஸ்பத்திரியில் தையல் போட அனுமதிக்கப்படாத மாணவர், கடல் கடந்த ஊரில் அதைச் செய்ய வாய்ப்புப் பெறுவது நடந்தே வந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. தகுதிக்கு மீறிய சிகிச்சை வேலையில் மாணவர் இறங்கக் கூடாது, அது நோயாளிக்குக் கேடு, மாணவரின் விண்ணப்பத்துக்கும் கேடாக முடியலாம் என்பது அதன் சாரம். இரண்டாவது காரணத்தைச் சொல்லியே முதலாவதைக் காக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் ஆலோசனை அறையில் அது பயன்படும் கருவி.

இதைவிடக் கடுமையாகப் பேசியவர் சிந்தனையாளர் இவான் இலிச். தொண்டு செய்ய மெக்சிகோ புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் 1968இல் ஆற்றிய உரையில், உதவ வராதீர்கள் என்றே சொன்னார். பார்க்கவும் படிக்கவும் வருவதை அவர் தடுக்கவில்லை. அவருடைய முடிவு முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் படிக்க வருவதற்கும் உதவ வருவதற்கும் இடையே அவர் போட்ட கோடு சரியானது. மாணவர் தம்மை இரண்டில் எதுவாக எண்ணிக்கொள்கிறார் என்பதை ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கோட்டின் பொருள் தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். ஏனென்றால் இந்தக் கதையில் மூன்றாமவர் சில நேரம் நாமே. கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்க வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக்கியது, 1992இல் ஆரோலேப் நிறுவி விழிவில்லையைக் குறைந்த விலைக்குத் தயாரித்தது, இவையெல்லாம் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அங்கே கற்க வரும் மாணவர் நோயாளியின் கண்ணைத் தொட வேண்டியதே இல்லை. முகாமில் வரிசை எப்படி நகர்கிறது, எந்தச் சோதனையை உதவியாளர் செய்கிறார், எது மருத்துவருக்கென்று நிற்கிறது என்று கவனித்தாலே ஒரு பருவத்துக்கான பாடம் கிடைக்கும். அதற்கும் மொழி வேண்டும். முகாமுக்கு வந்த பாட்டி “கண்ணுல பூ விழுந்துருச்சு” என்பார். அவர் சொல்வது கருவிழித் தழும்பா, புரையா என்பது மேலும் நாலு கேள்வி கேட்டால்தான் தெரியும். மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டால், குறிப்பேட்டில் தவறான நோயை எழுதிக்கொண்டு மாணவர் ஊர் திரும்புவார். மாணவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும் உதவியாளரின் நேரமும் யாரோ ஒரு நோயாளிக்குப் போயிருக்க வேண்டிய நேரம். ஜான் கிரம்ப், ஜெரமி சுகர்மன் ஆகியோர் 2008இலும், அவர்கள் பங்கேற்ற குழு 2010இலும் வெளியிட்ட நெறிக் குறிப்புகள், வரவேற்கும் நிறுவனத்தின் மீது விழும் இந்தச் சுமையை வெளிப்படையாகப் பேசுகின்றன.

அப்படியானால் ஓபேனியனின் ஏணியை எந்த முனையிலிருந்து ஏறுவது? இந்தப் பாடத்தில் பின்முனையிலிருந்து, அதாவது பாடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். முதலாண்டில் புள்ளியியல், போக விரும்பும் நாட்டின் மொழி இரண்டாண்டு, அந்த நாட்டின் வரலாறு, குறிப்பாக அதன் மருத்துவ வரலாறு. நோய்ப்பரவலியல் தெரியாமல் களத்துக்குப் போனவர் திரட்டி வரும் தகவல் யாருக்கும் உதவாது. இவற்றைப் படித்து முடிக்கும்போது மாணவரின் வாழ்க்கை இலக்கே மாறிவிடலாம். மாறட்டும். பயணம் போவதாயிருந்தால், யார் அழைத்தார்கள், எந்த வேலைக்கு அழைத்தார்கள் என்ற கேள்விக்கு அந்த ஊரிலிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் வேண்டாம் என்று சொல்ல ஆலோசகருக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. மருத்துவர் பால் ஃபார்மர் 1982இல் டியூக்கில் மருத்துவ மானிடவியல் படித்து முடித்தார். அடுத்த ஆண்டே, மருத்துவக் கல்லூரியில் கால் வைப்பதற்கு முன்பே, ஹைத்திக்குப் போனார். அந்தப் பயணம்தான் 1987இல் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ அமைப்பாக விளைந்தது. இங்கே சொல்லும் விதிகள் அன்று இருந்திருந்தால் அவரைத் தடுத்திருக்கும் அல்லவா என்று கேட்கலாம். ஃபார்மரின் வாழ்க்கையை உற்றுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது. ஹைத்தியை அவர் முதலில் சந்தித்தது ஹைத்தியில் இல்லை. டியூக் வளாகத்துக்கு அருகே, வட கரோலினாவின் புகையிலை வயல்களில் வேலை செய்த ஹைத்தியத் தொழிலாளர்களிடம். அவர்களைப் பார்த்த பிறகே அந்த நாட்டைப் பற்றித் தேடித்தேடிப் படித்தார், அவர்கள் பேசும் கிரியோலையும் கற்றார். போன ஊரை விட்டு ஆறு வாரத்தில் திரும்பவும் இல்லை. மருத்துவம் படித்த ஆண்டுகளிலும் ஹைத்திக்கும் பாஸ்டனுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருந்தார். அவரை விதிவிலக்கு என்பார்கள். என் கண்ணுக்கு அவர் வரிசையைச் சரியாகப் பின்பற்றியவர்.

அந்த வயல்கள் இன்னும் இருக்கின்றன. ஈரப் புகையிலையைத் தொட்டு நிக்கோட்டின் தோல்வழி ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரும் நோய், கோடை வெப்பத்தில் சுருண்டு விழுதல், காப்பீடு இன்மை, எல்லாம் வளாகத்திலிருந்து காரில் போய்ப் பார்த்துவரும் தொலைவில் உள்ளவை. ஜெஃப்ரி கோப்லான் உள்ளிட்டோர் 2009இல் ‘லான்செட்’ இதழில் தந்த வரையறையும் உலகளாவிய சுகாதாரத்தைத் தொலைவால் அளக்கவில்லை. எல்லை கடந்த காரணங்களாலும் நியாயமான பங்கீட்டாலும் அளந்தது. பக்கத்து வயலுக்குப் போய்வர ஆகும் செலவு குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. விமானச் சீட்டு வாங்க முடிந்த மாணவருக்கு மட்டுமே கிடைக்கும் அனுபவத்தைப் பாடத்தின் உயிராகச் சொல்வது, ஏழை மாணவரைப் பாடத்தை விட்டே தள்ளுவதாகும்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஆலோசகர் உண்மை பேச வேண்டிய காலம் இது. இந்தப் பட்டதாரிகள் பலரின் கனவாக இருந்த, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 அன்று செயல்பாட்டை நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் அமெரிக்க அதிபர் அவ்வாண்டு ஜனவரியில் கையெழுத்திட்டார். நிறுவனத்தின் பெயரை வைத்து எதிர்காலத்தைத் திட்டமிட்டவர்கள் தவித்துப்போனார்கள். தரவைக் கையாளவும், மருந்து கிடங்கிலிருந்து கிராமம் வரை போய்ச்சேரும் வழியைக் கணக்கிடவும், ஒரு மொழியில் நோயாளியின் சொல்லைக் கேட்கவும் கற்றவருக்கு மாவட்டச் சுகாதாரத் துறையிலும் இடம் இருக்கிறது.

ஆனால் இப்படி நிதானமாகப் பேச ஆலோசகருக்கு நேரம் எங்கே? அமெரிக்காவில் 2011இல் எடுத்த ஒரு தேசியக் கணக்கெடுப்பின்படி, ஒரு முழுநேர ஆலோசகரின் பொறுப்பில் இருந்த மாணவர்களின் இடைநிலை எண்ணிக்கை 296. அத்தனை பேரையும் குறித்த காலத்தில் பட்டம் வாங்க வைத்தாரா, அவர்கள் மனநிறைவு அடைந்தார்களா என்பதைக் கொண்டு அவரை மதிப்பிட்டால், வேண்டாம் என்று சொன்னதற்கு யாரும் மதிப்பெண் தரப்போவதில்லை. மதிப்பீட்டுக் கோப்பில் மாணவரின் கருத்துப் படிவத்தோடு இன்னொரு தாளும் சேர வேண்டும்: மாணவர் போய்வந்த ஊரின் சுகாதார நிலையம், தன் மொழியில், ஆண்டுக்கு ஒருமுறை எழுதும் கடிதம். வந்தவர் என்ன செய்தார், எங்களுக்கு எவ்வளவு நேரம் செலவானது, அடுத்த ஆண்டும் யாரையாவது அனுப்பலாமா என்று மூன்று கேள்விக்குப் பதில் போதும். அதை எழுத ஆகும் நேரத்துக்குப் பல்கலைக்கழகம் ஊதியம் தர வேண்டும்.